நட்சத்திரம் போட்ட வாக்கியங்கள்

மொழியியலில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்று தோன்றுகிற வாக்கியத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். ஹைதராபாத்தில் எம்.ஏ. படிக்கும்போது தொடரியல் வகுப்பில், அதாவது வாக்கிய அமைப்பைப் பற்றிய வகுப்பில், கொடுத்த ஜெராக்ஸ் தாளில் ஒரு உருது வாக்கியம் இருந்தது: 'மை ஆம் காயீ'. பெண் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆம் என்றால் மாம்பழம். முன்னால் நட்சத்திரம். எங்கள் வாணியம்பாடி வீட்டில் அம்மா, நானிமா (அம்மாவின் அம்மா), காலா (அம்மாவின் சகோதரி), நான் எல்லாரும் மாம்பழம் தின்றால் இப்படித்தான் சொல்வோம்.

புத்தக உருதுவில் அது 'மைன் நே ஆம் காயா'. செயல் முடிந்திருக்க வேண்டும், வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எழுவாய் 'நே' என்ற உருபை வாங்கிக்கொள்ளும். நே வந்துவிட்டால் வினை எழுவாயைத் திரும்பிப் பார்க்காது, செயப்படுபொருளின் பாலுக்குப் போய்விடும். மாம்பழம் ஆண்பால், அதனால் காயா. ரொட்டி பெண்பால், அதனால் தின்றவன் ஆணாக இருந்தாலும் காயீ. ரொட்டிக்குப் பின்னால் 'கோ' என்ற உருபைச் சேர்த்தால் அதுவும் போச்சு, வினை சும்மா ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும். தமிழில் தின்றவர் யாரோ அவரோடுதான் வினை போகும். எங்கள் வீட்டு உருதுவும் அப்படித்தான்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் லக்னோ தோழியிடம் சொன்னேன். "அது தக்னிப்பா, உருது இல்லையே" என்றாள். தக்னி என்பது தெற்கே பேசுகிற உருதுவுக்குப் பெயர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரிதான் அடுத்த பத்து வருடத்துக்கான வேலையை என் தலையில் கட்டியது.

பிஎச்.டி. எப்படிச் சேர்வது, வேலை கிடைக்குமா என்று ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், பி.ஏ. ஆங்கில இலக்கியம். உருது வீட்டில் பேச்சு. எழுத்து மதரஸாவில் கற்றது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட்டில் மொழியியலுக்கு 31-ஆம் எண். அப்போது மூன்று தாள். முதல் தடவை மூன்றாம் தாளில் விழுந்தேன், இரண்டாவது தடவை தேறினேன், ஆனால் அதில் முன்னணியில் வருகிறவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை வரவில்லை. ஆகவே 2013-ல் சேர்ந்தபோது கையில் கிடைத்தது மாதம் 8,000 ரூபாய். ஹாஸ்டல், மெஸ் போக மீதியில் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாம், அவ்வளவுதான்.

தலைப்பு முடிவாவதற்கே ஒன்றரை வருடம் போனது. உருதுத் தொடரியலில் படிக்க நிறையவே இருக்கிறது. மௌல்வி அப்துல் ஹக்கின் 'கவாயிதே உருது' 1914-ல் வந்தது. நவீன ஆய்வு என்றால் மிரியம் பட் 1995-ல் எழுதிய, உருதுக் கூட்டுவினைகள் பற்றிய புத்தகத்தைத் தொடாமல் யாரும் உள்ளே போக முடியாது. 'அஞ்சும் நே ஸதஃப் கோ சிட்டி லிக்னே தீ', அதாவது ஸதஃபைக் கடிதம் எழுத அஞ்சும் விட்டாள். எழுதுவது ஒருத்தி, விட்டது இன்னொருத்தி, ஆனால் 'தீ' என்ற கடைசி வினை இருவரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் பெண்பாலோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு வினை சேர்ந்து ஒரே வாக்கியமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு அடையாளம். வினை இப்படித் தள்ளியிருக்கிற பெயரோடு ஒட்டிக்கொள்வதைத் தூரத்து இயைபு என்பார்கள். ராஜேஷ் பட் 2005-ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையை நான் பதினோரு தடவை படித்தேன். ஆறாவது தடவையில்தான் புரிய ஆரம்பித்தது. இது யாருக்காவது ஆறுதலாக இருக்கட்டும்.

அத்தனை படித்தும் எல்லாம் டில்லி, லக்னோ உருதுதான். எங்கள் வீட்டுப் பேச்சைத் தலைப்பாக வைக்கிறேன் என்றதும் நெறியாளர் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தரவு எங்கே? உன் அம்மாவா தரவு?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

அம்மாவைவிட நானிமாதான் தரவு. முதல் விடுமுறையில் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். சிவப்பு விளக்கு எரிந்ததுமே நானிமாவின் பேச்சு மாறிவிட்டது. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல ஆரம்பித்தார். எங்கெங்கோ நே விழுந்தது. 'மை நே ஆயீ' என்றுகூடச் சொன்னார். வா என்ற வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. டில்லிக்காரர்கூட அங்கே நே போட மாட்டார். நல்ல உருதுவில் நே உண்டு என்று தெரிந்திருக்கிறது, எங்கே வரும் என்று தெரியவில்லை. இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் தூவிவிட்டார்.

அவரை இயல்பாகப் பேசவைக்க ஒரு யோசனை செய்தேன். பிரியாணி எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். சுற்றி உட்கார்ந்த பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். மூன்று மணி நேரப் பதிவு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹைதராபாத் திரும்பி, பதிவைக் கேட்டு எழுதிப் பிரிக்க உதவுகிற எலான் என்ற மென்பொருளில் போட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு நிமிடப் பேச்சை எழுதிப் பிரிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நாற்பது நிமிடப் பேச்சை முடித்த பிறகுதான் உறைத்தது. சமையல் குறிப்பில் இறந்தகாலமே வராது! வெங்காயம் போடுவோம், தயிர் ஊற்றுவோம், தம் வைப்போம். நே வருமா வராதா என்பது முடிந்த செயலில்தான் தெரியும். மூன்று மணி நேரத்தில் எனக்குப் பயன்பட்டது நான்கு வாக்கியம், நான்கும் சண்டை: "நீதான் அன்னிக்கு உப்பை அள்ளிப் போட்டே."

அதற்குப் பிறகு பிரியாணியை விட்டுவிட்டுக் கல்யாணச் சண்டைகளைக் கேட்டேன். யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், யார் என்ன சொன்னார்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலுமாக இருபத்திரண்டு பெண்கள், அள்ள அள்ள இறந்தகாலம்.

நே-வைத் தேடிப் போன எனக்கு அந்தப் பதிவுகளில் வேறொன்று கிடைத்தது. 'வர்றேன்னு சொன்னான்' என்பதைப் புத்தக உருதுவில் 'உஸ் நே கஹா கே மைன் ஆவூங்கா' என்பார்கள். சொன்னான் முதலில், சொன்னது பிறகு. எங்கள் பேச்சில் 'ஆதூம் போல்கே போலா'. சொன்னது முதலில், நடுவில் போல்கே, கடைசியில் போலா. போல்கே என்றால் நேர் அர்த்தம் 'சொல்லி'. நம் 'என்று' என்பதும் 'என்' என்ற சொல்லுதல் வினையிலிருந்து வந்ததுதான். மழை வருதுன்னு குடை எடுத்தேன் என்றாலும் போல்கே, ரஷீத்னு ஒருத்தர் என்றாலும் 'ரஷீத் போல்கே ஏக் ஆத்மி'. தெலுங்கில் 'அனி' செய்யும் வேலையும் இதுவே. சொற்கள் வடக்கிலிருந்து வந்தவை, அடுக்கு இந்தப் பக்கத்தது. 'நான் சொன்ன பேச்சு' என்பதற்கு 'மை போலீ ஸோ பாத்' என்கிறோம். பெயரெச்சம் மாதிரியே பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. இதையெல்லாம் பார்த்த பிறகு நட்சத்திரம் போட்ட தாளின் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. அதை எழுதியவர்களுக்கு இந்த வீடுகளின் கதவு திறந்திருக்கவில்லை.

எழுதி முடித்த பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை அச்சில் வந்திருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்கில் வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதி. இப்போதைய 2022 விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஒரு மதிப்பீட்டாளர், 'இந்த வாக்கியங்களை உருது அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கவும்' என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், பேசியவர்களின் ஊர், வயது, படிப்பு எல்லாம் போட்டு ஒரு அட்டவணை சேர்த்து வேறு இதழுக்கு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்த அட்டவணையை முதலிலேயே போட்டிருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான்.

2019-ல் ஆய்வேட்டைக் கொடுக்கும்போது எழுத்துக் களவுச் சோதனை. பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போகக் கூடாது. எனக்குப் பதினாறு காட்டியது. பார்த்தால் 'அஞ்சும் நே ஸதஃப் கோ' வகையறா எடுத்துக்காட்டுகள். உருதுத் தொடரியல் எழுதிய அத்தனை பேரும் அவற்றையே எழுதியிருக்கிறோம், வேறென்ன வரும்? நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கச் சொல்லி ஒரு வாரம் அலைந்தேன்.

பட்டம் வாங்குவதைவிடப் பெரிய பாடு வேலை. உருதுத் துறைக்கு விண்ணப்பித்தால் நீங்கள் மொழியியல் என்பார்கள். மொழியியல் துறைக்குப் போனால் உருதுவை இங்கே யார் படிக்கிறார்கள் என்பார்கள். இரண்டுங்கெட்டான் நிலை. ஒரு நேர்காணலில் எட்டு நிமிடம்; அதில் ஐந்து நிமிடம் உருதுக் கவிஞர் காலிபின் கஸல் பாடல் ஒன்றைச் சொல்லி விளக்கச் சொன்னார்கள். சொன்னேன். இன்னோர் இடத்தில், "வாணியம்பாடியா? அங்கெல்லாம் உருது பேசுவாங்களா?" என்று கேட்டவர் மொழிப் பேராசிரியர். மூன்று வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். கௌரவம் பெயரில் மட்டும். மே மாதம் சம்பளம் கிடையாது. 2023-ல் உதவிப் பேராசிரியர் ஆனேன். கைகொடுத்தது கஸல் இல்லை, எலானும் அந்தப் பதிவுகளும்தான். அந்தத் துறைக்குக் களப்பணி சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் கோட்பாட்டோடு கைவேலை ஒன்றையும் கற்றுக்கொண்டு வாருங்கள்.

நடுவில் வாய்மொழித் தேர்வு 2020-ல், ஊரடங்கில், வீட்டிலிருந்தே ஜூமில் நடந்தது. அது முடிந்து, கட்டு போட்ட பிரதி கைக்கு வந்ததும் நானிமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பக்கங்களைப் புரட்டி, 'தன் வாக்கியங்கள் எங்கே' என்று கேட்டார். காட்டினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் வா-07 என்று இருந்தது. அறநெறிக் குழு பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது, அதனால் எண் என்று விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"மை போலீ ஸோ பாத். மேரா நாம் கய்கு நை?" நான் சொன்ன பேச்சு. என் பேர் ஏன் இல்லை?