நேட்டால் கப்பல் பட்டியல்: ஊர்ப்பெயர் ஒருவழியாகப் பிடிபட்டது

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில், ஒரு குடும்பத்துக்காகத் தேடும் மூதாதையின் வரியில் ஆறு மாதமாக முரண்டு பிடித்த ஊர்ப்பெயர் இந்த வாரம் பிடிபட்டுவிட்டது! அவருடைய குடியேற்ற எண், கப்பல், தேதி மூன்றும் தொடக்கத்திலேயே கிடைத்தவை. 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் கரைசேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் கொடுத்த குடியேற்ற எண் வந்த வரிசையிலேயே ஏறுவதால், எண் கையில் இருந்தால் வருஷம் தானாக வந்துவிடும். கப்பல் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். உம்லாசி, உம்வோட்டி எல்லாம் திரும்பத் திரும்ப வந்தவை.

மல்லுக்கட்டியது ஊர்ப் பத்தியோடுதான். ஆங்கிலத்தில் கையால் எழுதிய அந்தப் பட்டியலின் தட்டச்சுப் பிரதியில் ஊர் 'மெல்பங்க்' (Melpank). அப்படி ஓர் ஊர் எந்த ஜில்லாவிலும் கிடையாது. கறுப்பு-வெள்ளை நகலை எத்தனை முறை பார்த்தாலும் அதே பங்க். 600 டிபிஐ வண்ண ஸ்கேன் வந்த பிறகுதான் மையின் இழுப்பு தெரிந்தது. அதே பக்கத்தில் அதே கை எழுதிய 'வாலாஜா'வைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாலாஜாவின் முதல் 'ஆ'வுக்கு அந்தக் குமாஸ்தா ஏ, யூ (au) என்று இரண்டு எழுத்து போட்டிருக்கிறார். பழைய மதராஸ் வழக்கம் அது. அவருடைய 'u' மேலே திறந்திருக்கும், 'n' மேலே வளைந்து மூடியிருக்கும். நாம் தேடும் ஊர்ப்பெயரில் இருப்பது திறந்த வளைவு. ஆக அது பங்க் (pank) இல்லை, 'பாக்' (pauk). இடம் போதாமல் வெட்டிய பாக்கம். மேல்பாக்கம்!

ஊர்ப்பெயரை எப்போதும் பின்னாலிருந்து படியுங்கள். பாக்கம், பேடு, பட்டு, தாங்கல் என்று வால் தெரிந்துவிட்டால் தலை எளிது.

மேல்பாக்கங்கள் பல உண்டு. தீர்ப்புச் சொல்வது தாலுகாப் பத்தி. இங்கே வட ஆற்காடு, வாலாஜா. அரக்கோணம் அப்போது வாலாஜா தாலுகாவில் இருந்தது, அதை ஒட்டியே ஒரு மேல்பாக்கம் இருக்கிறது. அடுத்த இரண்டு எண்களில் மனைவியும் பிள்ளையும்; அவர்கள் வரியிலும் அதே ஊர், பிள்ளையின் வரியில் வெட்டாமல் முழுசாக.

வட ஆற்காடு என்றதும் வேலூர், ராணிப்பேட்டையோடு நிறுத்திவிடுவது பெரிய தவறு. 1911 வரை அதன் தலைமையிடம் சித்தூர். சந்திரகிரி, பலமனேர் எல்லாம் அதற்குள்தான். திருவண்ணாமலையோ அந்த நாளில் தென் ஆற்காடு. 'மதராஸிலிருந்து வந்தோம்' என்ற குடும்ப வாய்மொழியும் ஊரைக் காட்டாது, கப்பல் ஏறிய துறைமுகத்தைத்தான் காட்டும்.

இவர் வரியில் தந்தை பெயர்ப் பத்தி இன்னும் பாக்கி. அதற்குள் தேடுவதற்கு அடுத்த குடும்பக்கொடி கைக்கு வந்துவிட்டது. குடும்பப்பெயர் கோவெண்டர், எண் கிடையாது. கவுண்டர் என்பதன் நேட்டால் உருவம் அது. பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை, பெரும்பாலோருக்கு அங்கே ஒற்றைப் பெயர்தான். பிள்ளைகளின் கல்யாணப் பதிவில் தகப்பன் எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில் 'இந்தியக் குடியேற்றப் பாதுகாவலர்' என்ற அன்றைய அதிகாரியின் கோப்புகள்தான்.