பெண்கடல் மணலில் 641

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்னும் எண்ணை எங்கள் கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய நாள், என் வகுப்பில் இருந்த எவருக்கும் மறந்திருக்காது என்று நம்புகிறேன். அது 2-இன் 32-ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டக் கிடைப்பது. அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்து வரும்போது கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள் என்பதால், அடுத்து வரும் இதுவும் பகா எண்ணே என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா கருதினார். 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதைப் பகுத்துக் காட்டினார்.

எதனால் பகுத்தார் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. மாலையில் எங்களை இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடித்துக் கொண்டிருந்ததால், பெண்கடல் எனப்படும் பாக் விரிகுடாப் பக்கம் வற்றத்தில் நீர் இறங்கியிருந்த ஈரமணலில் கருவேலங்குச்சியால் வகுத்தல் போட்டோம். 641 என்பது 116-ஆவது பகா எண். வரிசையாக முயன்றிருந்தால் அன்றிரவு முடிந்திருக்காது. ஆனால் இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று ஆய்லர் நிறுவிய விதியை ஆசிரியர் சொன்னார். 65, 129, 193 என எண்ணிச் சென்று பகு எண்களை நீக்கினால், 641 வரை மிஞ்சுபவை 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்து மட்டுமே. ஃபெர்மாவின் சொந்தத் தேற்றத்திலிருந்தே இந்த வடிகட்டலைப் பெறலாம். ஐந்து வகுத்தல் தொலைவில் இருந்ததை அவர் காணத் தவறினாரே என்று இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஐந்து எண்களையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டதில் 641 என் நண்பனுக்கு வந்தது. 4489-இல் ஏழு முறை போக மீதி 2 என்றாகி, ஈவில் அடுத்தடுத்து இரண்டு பூச்சியங்கள் விழுந்ததும், தவறிவிட்டோம் என்று எண்ணி அவன் காலால் அழிக்கப் போனான். ஆசிரியர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "முடிக்கும் வரை அழிக்காதே, தம்பி" என்றார். ஈவு 6700417, மீதி பூச்சியம்.

மறுநாள் அவர் வகுக்காமலேயே அதை நிறுவியதைத்தான் நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். 641 = 5×128+1 என்பதால் 5×128-ஐ 641-ஆல் வகுக்க மீதி −1, அதாவது ஒன்று குறைகிறது; அதன் நான்காம் அடுக்கிற்கு, அதாவது 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதற்கு, மீதி 1. மறுபுறம் 641 = 625+16 என்பதால் 625-இன் இடத்தில் −16-ஐ வைக்கலாம்; 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. ஆகவே 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம். பெரிய எண்ணைத் தொடாமலேயே அதன் உள்ளமைப்பை அறியலாம் என்பதை அந்த நான்கு வரிகளில் கண்டபோது வகுப்பே எழுந்து நின்றது.

இவ்வரிசையில் அடுத்த எண்ணான 18446744073709551617-ஐ அவர் வீட்டுக்கணக்காக விட்டுச் சென்றார். 1880-இல் பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி கண்ட அதன் காரணி 274177, அதாவது 256×1071+1, என்பதை வெளிநாடு வந்த பின்னரே அறிந்தேன். ஒரு விடுமுறை நாளில், கணிப்பானைத் தொடாமல், தாளில் வகுத்து முடித்தேன். ஈவு 67280421310721, மீதி பூச்சியம்.