கெய்ரோவில் பாக்கி கேட்ட கதை

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கெய்ரோவின் அத்தபா பகுதியிலிருந்து இப்னு துலூன் பள்ளிவாசலுக்கு 80 எகிப்து பவுண்டு என்று பேசித்தான் ஏறினேன். மீட்டர் இருந்தது, ஓடவில்லை. இறங்கி 200 பவுண்டு நோட்டை நீட்டினால் 'மாஃபீஷ் ஃபக்கா' என்று கையை விரிக்கிறார். சில்லறை இல்லையாம். எனக்குத் தெரிந்த நாலு அரபிச் சொல்லும் அந்த நேரம் பார்த்து மறந்துபோய், "பாக்கி எங்கே, பாக்கி!" என்று தமிழில் கத்திவிட்டேன். மனுஷருக்குப் புரிந்துவிட்டது! வசூல், பாக்கி, நகல், வக்கீல் எல்லாம் அரபியிலிருந்து நம்மிடம் வந்தவை என்று எப்போதோ படித்தது நடுத்தெருவில் உதவியது. கெய்ரோக்காரர்கள் நடுவில் இருக்கும் எழுத்தை விழுங்கி 'பாஈ' என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சிரித்துக்கொண்டே ஐந்து பவுண்டு நோட்டாகப் பத்து எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். வரவேண்டியது 120. எழுபது பவுண்டு போச்சு.

கையில் இருந்த அழுக்கு நோட்டைப் பார்க்கிறேன், அதில் அச்சடித்திருப்பது இதே பள்ளிவாசல்.

உள்ளே போனதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவ்வளவு பெரிய முற்றம், அவ்வளவு அமைதி. அப்பாசிய கலீபாக்கள் 868-ல் எகிப்துக்கு அனுப்பிய அஹ்மது இப்னு துலூன், அனுப்பியவர்களையே ஓரங்கட்டித் தனி ஆட்சி நடத்தி, 879-ல் கட்டி முடித்தது இது. ஃபாத்திமிகள் என்ற அரச வம்சத்தார் கெய்ரோவை நிறுவியது 969-ல். ஊரைவிடப் பள்ளிவாசலுக்கு வயது அதிகம்! இப்னு துலூன் வளர்ந்தது ஈராக்கின் சாமர்ராவில், அதனால் கல்லுக்குக் குறைவில்லாத நாட்டில் அந்த ஊர்ப் பாணியில் செங்கல் வைத்துக் கட்டிச் சாந்து பூசியிருக்கிறார். மினாராவுக்குப் படிக்கட்டு வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. கைப்பிடிச் சுவரை நம்பி ஏறினேன், முழங்கால் நடுங்கியது உண்மை. இடையில் இடம் பாழடைந்து கிடந்தபோது, சுல்தானைக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட லாஜின் என்பவர் இங்கே ஒளிந்திருந்து, தப்பித்தால் புதுப்பிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாராம். பிறகு அவரே சுல்தானாகி 1296-ல் நேர்த்திக்கடனைத் தீர்த்துவிட்டார். பிரமிடு பிரமிடு என்று ஓடுகிறவர்கள் இதை விட்டுவிட்டு வருவது அநியாயம்.

அப்புறம் பசி. கோஷரி! சோறு, மக்ரோனி, முழு மசூர், கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, பிரியாணிக்குத் தூவுவோமே அந்த மொறுமொறு வெங்காயம். சோற்றில் மக்ரோனியா என்று முகம் சுளித்தேன்; பூண்டு வினிகரும் ஷத்தா என்கிற மிளகாய்ச் சாறும் ஊற்றிக் கிளறியதும் வாயை மூடிக்கொண்டேன். அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்யும் நம்ம நாட்டுக் கிச்சடிக்கு உறவு என்கிறார்கள், பேரைக் கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது.

விலைப்பலகையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு புள்ளி. வட்டம் பூஜ்யம் என்று நினைத்துக் குழம்பினேன். இங்கே வட்டம்தான் ஐந்து, புள்ளிதான் பூஜ்யம். இந்த எழுத்துக்கு அரபியில் 'இந்திய எண்கள்' என்று பெயராம், இந்தியன் எனக்கு ஒன்றும் புரியவில்லை! ஆக ஐம்பது பவுண்டு. டாக்ஸிக்காரர் கொடுத்த பத்து நோட்டையும் கல்லாவில் வைத்தேன். கல்லாக்காரர் எண்ணிப் பார்த்து, கிழிந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.