ஜீப்பில் கை த்ராட்டில்

ரொம்ப நாளாக நினைத்திருந்த வேலை, இன்று முடிந்தது. ஜீப்பில் கை த்ராட்டில், அதாவது ஆக்சிலரேட்டரைக் காலுக்குப் பதில் கையால் இழுத்து வைக்கும் லீவர், போட்டாயிற்று!

பாறை மேல் ஏறும்போது வண்டி குலுங்கும், கூடவே ஆக்சிலரேட்டர் மேல் இருக்கும் காலும் குலுங்கும். இன்ஜின் ஒருமுறை உறுமும், அடுத்த நொடி திணறும். கையால் இன்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கிளட்ச், பிரேக் இரண்டுக்கும் இரண்டு கால்களும் கிடைக்கும். வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) இழுக்கும்போதும் இது பெரிய உதவி. முழு பாரத்தில் வின்ச் மோட்டார் 400 ஆம்பியர் வரைகூட உறிஞ்சும். இன்ஜினை ஐடிலில் (ஆக்சிலரேட்டர் தராத குறைந்த வேகத்தில்) விட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் (ஆர்பிஎம்) வைத்தால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் ஓரளவு ஈடுகொடுக்கும்.

சைக்கிள் கியர் லீவர்தான் போட்டேன். லீவரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் கேபிள் நுழையும் தகர ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம், இல்லையென்றால் விளிம்பு கேபிளை அறுத்துவிடும். லீவரைத் தளர்த்தியதும் கேபிளில் இரண்டு மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும். அப்போதுதான் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வு) முழுசாக மூடும். இதை நான் நாலு முறை சரிபார்த்தேன்.

ஆக்சிலரேட்டர் கேபிளால் த்ராட்டிலை இழுக்கும் வண்டிக்குத்தான் இது சரிப்படும், எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்கு அல்ல. அப்புறம், தார் ரோட்டில் தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். பிரேக் மிதித்தால் க்ரூஸ் கண்ட்ரோல் (வேகத்தைத் தானே ஒரே அளவில் வைக்கும் வசதி) விடுபடும், இது விடுபடாது.