தகரக் கூரையின் கீழ் ஒரு சப்வூஃபர்: மூன்று வார முயற்சி

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறை 14 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே பலகைச் சீலிங். பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான பத்து அங்குல சப்வூஃபரை, இடத்தை அடைக்காது என்ற ஒரே காரணத்துக்காக, தொலைக்காட்சிக்குப் பக்கத்து மூலையில் வைத்திருந்தேன். படத்தில் வெடிச்சத்தம் வந்தால் வீடே அதிர்ந்தது. பாட்டிலோ, மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) எது, பேஸ் கிட்டார் எது என்று பிரித்தறிய முடியவில்லை.

முதல் வாரம் ஒலியளவுக் குமிழைக் கூட்டிக் குறைப்பதிலேயே வீணாகக் கழிந்தது. அதன் பின்னர் 20 முதல் 120 ஹேர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டேன். 40 ஹேர்ட்ஸை நெருங்கியபோது ஒலி திடீரென ஊதிப் பெருத்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கிறது, அதை 4.27 மீற்றர் நீளமுள்ள அறையின் இரு மடங்கால் வகுத்தால் வருவதும் 40 தான். ஆகவே அந்தப் பெருக்கம் பெட்டியின் குறையன்று, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பிப் பெருகும் அறையின் குணம். இன்னும் சற்று மேலே போனதும் சீலிங் பலகை ஒன்று கடகடத்தது; இத்தனை நாளும் நான் பேஸ் என்று ரசித்ததில் ஒரு பங்கு அந்தப் பலகையுடையது என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு ஆணிகளோடு அது அடங்கியது.

பெட்டியும் கேட்பவரும் இடம் மாறினாலும் பேஸ் ஒரேபோலத்தான் கேட்கும் என்பதால், அடுத்து சப்வூஃபரைத் தூக்கி நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முழந்தாளிட்டுத் தவழ்ந்து கேட்டேன். மூலைகளில் ஒலி கொழகொழவென்றிருந்தது. நீளச் சுவரோரம், முன்சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிய இடத்தில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. பெட்டி அங்கே போனது. பின்சுவரில் ஒட்டிக்கிடந்த சோபாவையும் இரண்டடி முன்னே இழுத்தேன். நடைபாதை குறுகிவிட்டதாக வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது.

ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் ரிசீவரில் முன் ஸ்பீக்கர்களைச் சிறியவை எனக் குறித்து, பிரிப்பு எல்லையை 80 ஹேர்ட்ஸில் வைத்தேன்; அதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும். சப்வூஃபரின் பின்னாலுள்ள வடிகட்டிக் குமிழை மிக உயர்ந்த எல்லைக்குத் திருப்பிவிட வேண்டும். நான் அதையும் 80 இலேயே விட்டிருந்ததால் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்பட்டு, இடையில் பள்ளம் விழுந்திருந்தது. சப்வூஃபரின் அதிர்வை மற்ற ஸ்பீக்கர்களோடு இசையவைக்கும் ஃபேஸ் சுவிட்ச் எளிய வேலை: 80 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு நான் சோபாவில் உட்கார, மகன் 0, 180 பாகை என மாற்றினான், ஒலி உரத்துக் கேட்ட 180 இல் நிறுத்திக்கொண்டோம்.

இறுதிச் சோதனைக்கு, மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தின்போது நானே பதிவு செய்திருந்த தப்பு மேளத்தின் ஒலியைப் போட்டேன். அடி விழுந்த கணமும் அதன் பின்னான தோலின் அதிர்வும் இப்போது வெவ்வேறாகக் கேட்கின்றன. படத்துக்கு மட்டும் சப்வூஃபரின் அளவை 3 டெசிபல் கூட்டுகிறேன். தென்மேற்குப் பருவ மழை தகரத்தில் கொட்டும் வேளையில் எந்த அளவும் செல்லாது. அப்போது செய்த திருத்தங்களை எல்லாம் மறுநாளே அழித்துவிட்டேன்.

சுவருக்கு அப்பால் குடியிருக்கும் அக்கா, “தம்பி, அலுமாரியில கோப்பையெல்லாம் ஆடுது” என்று முன்பொருமுறை சொல்லியிருந்தார். போன சனிக்கிழமை கேட்டபோது, “படம் ஓடுறது தெரியுது, கோப்பை ஆடல” என்றார்.