பத்து நிமிடம் கிடைக்குமா?

குடும்ப நல ஆலோசகராகச் சேர்ந்த முதல் வருடம், பிறப்புறுப்புக்குள் வைக்கிற கருத்தடை மாத்திரையைப் பற்றி யார் கேட்டாலும் அட்டைப் பெட்டியில் இருப்பதைத்தான் சொல்லி அனுப்புவேன். விந்தணுவைச் செயலிழக்க வைக்கும், ஹார்மோன் கிடையாது, தாய்ப்பால் கொடுப்பவர்களும் வைக்கலாம். எல்லாம் சரிதான்.

அப்படி அனுப்பிய ஒரு பெண் மூன்றே மாதத்தில் நாள் தள்ளிப்போய் வந்து நின்றார். இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை. "நீங்க சொன்ன மாதிரிதானேக்கா வச்சேன்" என்றார். உட்கார வைத்துப் பேசியபோதுதான் தெரிந்தது. ஒற்றை அறை வீடு. நடுவே கொடியில் ஒரு புடவை, அந்தப் பக்கம் மாமியார். மாத்திரை கரையப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று சொன்ன நான், அந்தப் பத்து நிமிடம் உனக்குக் கிடைக்குமா என்று கேட்கவில்லை. சில நாள் வைத்த உடனேயே சேர்ந்திருக்கிறார்கள். சில நாள் சாயங்காலமே வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. முடிந்ததும் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவியும் இருக்கிறார். ஆறு மணி நேரத்துக்கு அதைச் செய்யக் கூடாது.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது என் மேசை டிராயரில் ஐந்து புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். இந்த மாத்திரையை நடைமுறையில் எல்லாரும் வைப்பது போல, சில தவறுகளோடு வைக்கும் 100 பேரில் ஒரு வருடத்துக்குள் சுமார் 21 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. ஒரு தடவைகூடத் தவறாமல் சரியாக வைத்தாலும் 16 பேருக்குத் தங்குகிறது. எண்ணாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்து கொட்டையை வரிசையாக வைத்து ஒன்றை மட்டும் தள்ளி வைத்தால் பார்வை அதிலேயே நிற்கும். காப்பர்-டியில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவு என்று அதற்கப்புறம் சொல்வேன்.

அடுத்த கேள்வி கடினமானது: எச்.ஐ.வி தொற்ற வாய்ப்பு இருக்கிறதா? இந்த மாத்திரையில் விந்தணுவைச் செயலிழக்க வைப்பது நான்ஆக்ஸினால்-9 என்கிற மருந்து. அடிக்கடி வைத்தால் உள்தோலில் எரிச்சலும் சின்னச் சின்னப் புண்ணும் வரலாம், எச்.ஐ.வி கிருமி அதன் வழியாக எளிதில் ஏறும். பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், இந்த மருந்துள்ள ஜெல்லை மிக அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று கூடுதலாக இருந்தது. எச்.ஐ.வி தொற்றக் கூடுதல் வாய்ப்புள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தொற்றோடு வாழ்பவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

எங்கள் நாமக்கல் பக்கம் லாரித் தொழில். "வீட்டுக்காரர் லாரியா?" என்று அங்கிருந்து ஆரம்பிப்பது அநியாயம். அந்தக் குடும்பங்கள் இந்தச் சந்தேகப் பேச்சை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டுவிட்டன. அதனால் கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேட்கிறதும்மா" என்று சொல்லித்தான் தொடங்குவேன். டீச்சரம்மா வந்தாலும் அதே கேள்விதான். நீர்க்கடுப்பு அடிக்கடி வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவேன், இந்த மாத்திரை அதைக் கூட்டும்.

கடைசியாக ஒன்று கேட்பேன்: "ஒருவேளை தங்கிட்டா என்ன பண்ணுவீங்க?" போன மாதம் வந்தவரின் கணவர் வளைகுடாவில் வேலை, வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிறவர். "தங்கினா பெத்துக்குவோம் மேடம், ரெண்டாவது வேணும்னுதான் அவரும் சொல்றார்" என்றார். தனி அறை இருக்கிறது, எரிச்சல் எதுவும் வந்ததில்லை, ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த இரண்டு பேருக்கும் சம்மதம். அவருக்கு இது பொருந்தும் என்று தயங்காமல் சொன்னேன்.

இதே கேள்விக்குக் கண் கலங்குகிறவர்களும் உண்டு. அவர்களிடம் மாத்திரைப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, வாயால் விழுங்கும் சாயா மாத்திரை, காப்பர்-டி என்று அரசு இலவசமாகத் தருபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன்.

அந்த முதல் பெண் பிறகு காப்பர்-டி போட்டுக்கொண்டார். அவருடைய தங்கையைப் போன வாரம் கூட்டி வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அக்கா, அந்தப் புளியங்கொட்டைய எடுங்க" என்றார்.