லூச்சோ டல்லாவும் பழுதான படகும்

ராத்திரியிலிருந்து 'கரூசோ' பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓபரா பாடகர் பவரோட்டி பாடிக் கேட்டிருப்பீர்கள். எழுதியவர் லூச்சோ டல்லா, இத்தாலியப் பாடகர், பொலோன்யா நகரத்துக்காரர். குள்ளம், தாடி, தலையில் எப்போதும் ஒரு தொப்பி. ஆரம்பத்தில் ஜாஸ் கிளாரினெட் வாசித்தவர். 1971இல் இத்தாலியின் சான்ரெமோ பாட்டுப் போட்டி விழாவில் தன் பிறந்த தேதியையே தலைப்பாக்கிப் பாடினார்: '4/3/1943'. முதலில் வைத்த தலைப்பு 'குழந்தை இயேசு'. தணிக்கை விடுமா? சரி, மூன்றாம் இடமாவது கிடைத்தது.

1986இல் சொரெண்டோ பக்கம் படகு பழுதாகி, கரையில் ஒரு ஹோட்டலில் தங்கினார். பழைய ஓபரா பாடகர் கரூசோ சாவதற்குக் கொஞ்சம் முன்னால் தங்கியிருந்த அதே அறை. பாட்டு அங்கேதான் பிறந்தது. அந்த எஞ்சினுக்கு ஒரு கும்பிடு!

2012 மார்ச் 1, சுவிட்சர்லாந்தின் மோந்த்ரே நகரில் மாரடைப்பு. முந்தின ராத்திரிதான் அங்கே மேடையில் பாடியிருந்தார். பொலோன்யாவில் இறுதிச் சடங்கு நடந்தது மார்ச் 4.